மேய்ச்சல் வெளிப் பாட்டு யாருக்குச் சொந்தம்?

கௌபாய் என்றதும் குதிரையும் கயிறும் கைத்துப்பாக்கியுமே நம் நினைவிற்கு வரும். ஆனால் அமெரிக்க மாட்டிடையர் பாடல்களுள் தலைசிறந்த 'ஹோம் ஆன் தி ரேஞ்ச்' என்னும் பாட்டை எழுதியவர் மாடு மேய்த்தவர் அல்லர், ஒரு மருத்துவர்! அது உலகிற்குத் தெரிய வந்ததே ஒரு வழக்கினால்தான்.

நாட்டுப்பாடல்களைத் தேடித் திரட்டியவர் ஜான் லோமாக்ஸ். அவர் 1908-ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலத்துச் சான் ஆன்டோனியோ நகரில், மதுக்கடை நடத்திய கறுப்பின மனிதர் ஒருவர் பாட இதனைக் கேட்டுப் பதிவு செய்தார். அம்மனிதர் முன்பு மாட்டு மந்தைகளுடன் சமையற்காரராகச் சென்றவராம். 1910-இல் லோமாக்ஸின் நூலில் பாட்டு அச்சேறியது. 1933-இல் பிங் கிராஸ்பி பாடிய இசைத்தட்டும் வந்தது. வானொலி அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. எல்லோருக்கும் பொதுவான பாட்டு என்றே அனைவரும் எண்ணினர்.

1934-இல் வந்தது இடி. அரிசோனாவைச் சேர்ந்த குட்வின் தம்பதியர், 1905-இலேயே தாங்கள் பதிப்புரிமை பெற்ற பாட்டு இது என்று கூறி, 5 இலட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தனர். வானொலியில் பாட்டு நின்றது. இசைப் பதிப்பாளர் சங்கத்தார் சாமுவேல் மோன்ஃபெல்ட் என்னும் வழக்கறிஞரை உண்மையைத் தேடி அனுப்பினர். அவர் ஊர் ஊராய் அலைந்தார். 1905-க்கு நெடுநாள் முன்பே இதைப் பாடியதாக முதியவர் பலர் கூறினர். ஆனால் நினைவை மட்டும் நம்பித் தீர்ப்புக் கிடைக்குமா? எழுத்து வேண்டுமே!

அந்த எழுத்து கான்சாஸ் மாநிலத்தில் அகப்பட்டது. 1876-ஆம் ஆண்டின் 'கிர்வின் சீஃப்' என்ற சிற்றூர்ச் செய்தித்தாளில் அக்கவிதை, டாக்டர் புரூஸ்டர் ஹிக்லி என்ற பெயருடன் வெளியாகியிருந்தது! 1871-இல் ஸ்மித் மாவட்டத்தில் குடியேறிய ஹிக்லி, ஓடைக்கரைக் குடிலில் வாழ்ந்தபோது எழுதியது அது. மெட்டமைத்தவர் டான் கெல்லி என்னும் தச்சர், வயலின் வாசிப்பவர். மாட்டிடையர்கள் அதைத் தம்முடன் ஊரூராகக் கொண்டு சென்று, சொற்களையும் தம் விருப்பம்போல் மாற்றிக்கொண்டனர். இன்று பாட்டின் பெயராக விளங்கும் தொடரே ஹிக்லியின் கவிதையில் இல்லை என்றால் பாருங்களேன்!

வழக்குத் தள்ளுபடியாயிற்று. பாட்டு மீண்டும் பொதுச் சொத்தானது. 1947-இல் கான்சாஸ் அதைத் தன் மாநிலப் பாடலாக ஏற்றது. ஹிக்லியோ இவற்றில் எதையும் அறியாமல் 1911-இலேயே மறைந்துவிட்டார். அவருடைய குடில் மட்டும் அந்த ஓடைக்கரையில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது.