வயலில் இருந்தும் வெப்ப வாயு வருமா?



"பூமி சூடாகுது" என்றால் நமக்கு லாரிப் புகையும் ஆலைப் புகையும்தான் ஞாபகம் வரும். ஆனால் உலக அளவில் மனிதர்களால் காற்றில் சேரும் வெப்ப வாயுக்களில் நூற்றுக்கு 22 பங்கு விவசாயத்தாலும் காடுகளை அழிப்பதாலும் வருகிறது. இது 2019ஆம் ஆண்டுக் கணக்கு. பூமி சூடானால் கடல் மட்டம் ஏறும். உப்புத்தண்ணீர் முதலில் ஏறுவது கிள்ளை போன்ற கடலோர ஊர் வாய்க்காலில்தானே?

வயலில் எப்படி உண்டாகிறது?

நட்ட வயலில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள் காற்று போகாது. சேற்றில் மட்கும் தாள், தழையிலிருந்து மீத்தேன் உண்டாகும். சாண எரிவாயு அடுப்பில் எரிவதும் இதே வாயுதான். மாடு விடும் ஏப்பத்திலும் இது உண்டு. நூறு வருடக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு சூடேற்றும். யூரியாவை அள்ளிப் போட்டால், பயிர் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும். அது சுமார் 270 மடங்கு!

காட்டை வெட்டினால்?

நம்ம பிச்சாவரத்தையே பாருங்கள். வெள்ளைக்காரன் காலம் முதல் சுரபுன்னைக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து பள்ளமாகி, உப்பு தேங்கி, செடியே முளைக்கவில்லை. இப்படிக் காடு அழியும்போது மரத்திலும் சேற்றிலும் சேர்ந்திருந்த கரி காற்றில் கலக்கிறது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, ஓதத் தண்ணீர் வந்துபோக வழிசெய்து கன்று நட்டார்கள். காடு திரும்பியது. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு அது அரணாக நின்றதை நாம் மறக்க முடியுமா?

நாம் என்ன செய்யலாம்?

* காய்ச்சலும் பாய்ச்சலும்: துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே அரை அடி இறங்கிய பிறகு பாய்ச்சுங்கள். மீத்தேன் பாதி வரை குறையும். மோட்டார் ஓடும் நேரமும் மிச்சம். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயமும் தண்ணீர் நிற்க வேண்டும். அப்படிச் செய்தால் விளைச்சல் குறையாது. அடைமழையில் சம்பா வயலை வடிக்க முடியாதுதான். போர் தண்ணீரில் நடும் பட்டத்துக்கு இது பொருந்தும்.
* இலை வண்ண அட்டையில் பயிரின் நிறம் பார்த்து, தேவைக்கு மட்டும் யூரியா போடுங்கள்.
* வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். மாட்டுக்கு ஆகும், உரத்துக்கும் ஆகும்.

ஒன்றை மறக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் களை கூடும். அந்தப் பாரம் நம் முதுகில்தான் விழும். அதனால் தண்ணீரைக் குறைக்கும் முன்பே, உருளும் களைக்கருவி கிடைக்குமா என்று வேளாண்மை அலுவலகத்தில் கேளுங்கள். மடை திறப்பது ஆம்பளைங்க முடிவு, களை பறிப்பது மட்டும் நாம் என்று இருக்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். முதலில் ஒரே ஒரு வயலில் செய்து பார்ப்போமே!