ஈரல் இறுகல் நோயும் புற்றுநோய் முன்கணிப்பும்
கொத்மலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மலையகத் தோட்ட மக்களின் உடல்நலம் பற்றி எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, போசாக்கின்மை, குருதிச்சோகை, தாய்சேய் மரணம் ஆகியனவே அவற்றில் பெரிதும் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். ஈரல் நோய் பேசப்பட்டவிடத்தும் அது குடிப்பழக்கத்தின் கிளைக்கதையாகவே பேசப்பட்டது. லயத்தில் ஒருவருக்கு மகோதரம் கண்டு வயிறு வீங்கினால், குடித்தான் கெட்டான் என்பதோடு விசாரணை முடிந்துவிடும். கள்ளும் சாராயமும் கசிப்பும் விளைத்த நாசத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவ்விளக்கம் பாதி உண்மையே.

கொத்மலை அடங்கியுள்ள நுவரெலியா மாவட்டத்தின் இரு தோட்டங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வொன்று, 35 முதல் 64 வயது வரையானோருள் நூற்றுக்கு 18 பேரளவில், மதுவைக் காரணமாகக் கொள்ளாத கொழுப்பு ஈரலைக் கண்டது. மேட்டிலும் பள்ளத்திலும் நாளெல்லாம் நடந்து உழைப்போர், அதுவும் குறைந்த வருமானத்தோர், இவர்கள் என்பதை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். நகர்ப்புற ராகமையில் இவ்வீதம் ஏறத்தாழ 33 எனக் கணிக்கப்பட்டிருந்தது. தோட்டத்தில் அது குறைவுதான். ஆயின், உடலுழைப்பு ஒன்றே காப்பாகும் என்ற நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை.

கொழுப்பாயினும் மதுவாயினும் வைரசாயினும், நீண்டகாலம் தாக்கப்படும் ஈரலில் கலங்கள் மடிவதும் மீள முளைப்பதும் ஓயாது நிகழும். தழும்பிழையம் பெருகி ஈரல் இறுகும், இதுவே சிரோசிசு. ஓய்வின்றிப் பிரியும் கலங்களில் மரபணுப் பிழைகள் சேர்வதால், ஈரற் புற்றுநோயின் மிகப் பெரும் பகுதி இத்தகைய ஈரலிலேயே தோன்றுகின்றது. எனினும் சிரோசிசு உடையோர் அனைவருக்கும் ஆபத்து ஒரே அளவினதன்று. காரணத்தையும் வயதையும் பொறுத்து, ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒருவர் முதல் எண்மர் வரை என அது பெரிதும் வேறுபடும். ஆண்டுக்கு 1.5 வீதத்தைக் கடப்பின், ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஸ்கேன் செய்து கண்காணித்தல் பயனுடையது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

யாரை அழைப்பது என்பதற்கே முன்கணிப்புச் சூத்திரங்கள் எழுந்தன. அவற்றுள் கனடாவில் வகுக்கப்பட்ட ரொறன்ரோச் சுட்டி நான்கே செய்திகளைக் கேட்கின்றது: வயது, பால், நோயின் காரணம், குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கை. நான்காவது ஏன்? இறுகிய ஈரலினூடே குருதி எளிதிற் பாயாது. வாயினாளத்தில் அழுத்தம் மிகும். மண்ணீரல் வீங்கிச் சிறுதட்டுகளைச் சிறைப்படுத்தும். ஆகவே சாதாரணக் குருதிப் பரிசோதனையின் ஓர் எண், ஈரல் எவ்வளவு இறுகியுள்ளது என்பதை மறைமுகமாக உரைத்துவிடுகின்றது. இதிலே விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். கொழுப்பு ஈரலழற்சியால் சிரோசிசு கண்ட 62 வயது ஆணொருவருக்குச் சிறுதட்டு 90,000 எனின், வயதுக்கு 100, ஆண் என்பதற்கு 80, காரணத்திற்கு 54, சிறுதட்டுக்கு 70 ஆக 304 புள்ளிகள். 240ஐக் கடந்தோருள் பத்தாண்டில் நூற்றுக்கு 32 பேருக்குப் புற்றுநோய் தோன்றியது. அதே காரணமுடைய 58 வயதுப் பெண்ணொருவருக்குச் சிறுதட்டு 210,000 எனின் 104 புள்ளிகளே. 120க்குக் கீழ்ப்பட்டோருள் பத்தாண்டில் மூவருக்கே நோய் கண்டது. ஆனால் அப்பெண் அறுபதைக் கடந்ததும் வயதினால் மாத்திரமே 154 புள்ளிகளை அடைந்து, நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற இடைநிலைக்கு வந்துவிடுகின்றார். ஒருமுறை கணித்துக் கோப்பில் மூடிவைக்கும் எண்ணன்று இது.

பூண்டுலோயா, றம்பொடைப் பகுதித் தோட்டமொன்றில் இதன் பெறுமதி யாது? ஸ்கேன் பரிசோதனைக்கு நாவலப்பிட்டிக்கோ நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ செல்ல வேண்டும். போனால் அன்றைய பேர் போய்விடும். துணைக்குச் செல்பவரின் பேரும் போகும். எல்லோரையும் ஆண்டுக்கு இருமுறை வாருங்கள் என்பது சொல்லுக்கு எளிது. வந்து ஏமாந்தோர் மறுமுறை வரமாட்டார்கள். யாருக்கு அப்பயணம் இன்றியமையாதது என்று பிரித்தறிய உதவும் எண், மருத்துவருக்கு உள்ள பயனினும் தொழிலாளிக்கே மிகுந்த பயனுடையது என்பது எமது கருத்து.

ஆயினும் சில தடைகளைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. ஹெப்பற்றைற்றிஸ் வைரசுகள் பரவலாக உள்ள நாடுகளின் அனுபவம் இத்தகைய சூத்திரங்களுள் கலந்துள்ளது. ரொறன்ரோச் சுட்டியில் வைரசுக்கு 97 புள்ளிகள். இலங்கையிலோ அவ்வைரசுகள் அரிது. இங்கு ஈரற் புற்றுநோய் கண்டோருட் பெரும்பாலோரிடம் அவற்றின் தடயம் காணப்படவில்லை. எமது நோயாளர்களிடம் பரிசோதிக்கப்படாத எண்ணை வேதவாக்காகக் கொள்ளலாகாது. மேலும், கொழுப்பு ஈரலில் சிரோசிசு முற்றுமுன்னரே சிலருக்குப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. அவர்கள் இக்கணக்கினுள் வருவதேயில்லை. ஸ்கேனும் முழுக் காப்பன்று. தொடக்கநிலைக் கட்டிகளுள் ஏறத்தாழ 45 வீதத்தையே அது தனித்துக் காட்டுகின்றது. அல்பா பீற்றோ புரதப் பரிசோதனை சேர்ந்தால் 63 வீதம்.

எல்லாவற்றிலும் பெரிய தடை, சிரோசிசு இருப்பதே அறியப்படாமை. மகோதரமோ இரத்தவாந்தியோ கண்டபின்னரே பலர் வைத்தியசாலை வாயிலை மிதிக்கின்றனர். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னும், 1992இல் நிருவாகம் கம்பனிகளிடம் சென்ற பின்னும், தோட்ட மருந்தகங்கள் அரச சுகாதார சேவையுள் முற்றாக வந்தமையவில்லை. நீரிழிவுக்கு மாத்திரை பெறுவோரின் கிளினிக் கொப்பியில் சிறுதட்டு எண்ணையும் ஆண்டுதோறும் எழுதிவைத்தால், மெல்லக் குறைந்துவரும் எண் எவருடையது என்பதைத் தோட்ட வைத்திய உதவியாளரே கண்டுகொள்ளலாம். அக்கொப்பிகள் பத்தாண்டு சேருமாயின், பிறநாட்டுப் புள்ளிகளை எமது மலைகளுக்கு ஏற்பத் திருத்துவதற்கான மூலத்தரவும் அவையே ஆகும்.