டிவிடியில் சலங்கை ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கமா? வில்லன் அந்த 4 ஜிபிதான்!

டிசம்பர் கடைசி. மாமல்லபுரத்துல சுற்றுலாத் துறை நடத்துற இந்திய நாட்டிய விழா. மேடையில உங்க தங்கச்சி. கடல்காத்துல ட்ரைபாட் ஆடாம பிடிச்சுக்கிட்டு, ஒன்றரை மணி நேரத்தையும் கேமராவுல அள்ளிட்டு வந்துட்டீங்க. செங்கல்பட்டுல இருக்கிற பாட்டிக்கு லிங்க் அனுப்பினா வேலைக்காகாது. டிவிக்குக் கீழ இருக்கிற டிவிடி பிளேயர்தான் அவங்க உலகம். சரினு டிஸ்க் போட்டுக் கொடுக்கிறீங்க.

அலாரிப்பு வரைக்கும் எல்லாம் ஓகே. வர்ணம் வரும்போது நடுவுல 'டப்'னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் ஜதி முடிஞ்ச பிறகுதான் கால் தரையில விழுது. வேற வீடியோவா இருந்தா கண்டுக்காம விட்டுடலாம். பரதநாட்டியத்துல தாளம் தப்பினா, ஆடின பொண்ணு தப்பா ஆடின மாதிரிதானே தெரியும்? பாட்டியே "ஏன்டி தாளம் விட்டே?"னு கேட்டுட்டா?

பதறாதீங்க. பெரும்பாலும் ஒரிஜினல்ல சத்தம் நல்லாத்தான் இருக்கும். அதனால மெமரி கார்டை மட்டும் இப்போதைக்கு ஃபார்மேட் பண்ணிடாதீங்க. கார்டுல இருக்கிற மொத்த ஃபோல்டரையும் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்ணிட்டு, ஒவ்வொரு துண்டையும் விஎல்சி-யில ஓட்டிப் பாருங்க. அங்கேயே கரகரனு கேட்டா பதிவிலேயே கோளாறு. அங்க சுத்தமா இருந்தா, தப்பு நடந்தது ஒட்டுற இடத்துல.

அது என்ன துண்டு? 32 ஜிபி வரைக்குமான கார்டுகள் பொதுவா ஃபேட்32 முறையில இருக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால கேமரா தானாவே வெட்டி அடுத்த ஃபைலை ஆரம்பிச்சுடும். சில கேமராக்கள் 2 ஜிபியிலேயே வெட்டும். ஹேண்டிகேம்ல வர்ற எம்டிஎஸ் ஃபைல்ல சத்தம் 32 மில்லிசெகண்ட் அளவுள்ள பொட்டலங்களா இருக்கும். வெட்டு விழும்போது ஒரு பொட்டலத்தோட பாதி இந்த ஃபைல்லயும் மீதி அடுத்த ஃபைல்லயும் மாட்டிக்கலாம். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியா கன்வர்ட் பண்ணினா ரெண்டு பாதியுமே குப்பைக்குப் போகும். அதுதான் அந்த 'டப்'.

எட்டு துண்டுன்னா ஏழு ஒட்டு. ஒவ்வொண்ணுலயும் ஒரு பொட்டலம் போனா, கடைசியில சத்தம் படத்தைவிடக் கால் நொடி கிட்ட முந்திடும். 45 மில்லிசெகண்ட் முந்தினாலே நம்ம மூளை கண்டுபிடிச்சுடும்ங்கிறது ஒளிபரப்புத் துறைக்காரங்க கணக்கு.

தீர்வு சிம்பிள்: முதல்ல ஒட்டு, அப்புறம் ஒரே தடவை கன்வர்ட். எம்டிஎஸ்-னா விண்டோஸ்ல இருக்கிற பைனரி காப்பி கமாண்டே போதும், அறுந்த பொட்டலங்கள் மறுபடி சேர்ந்துடும். எம்பி4-க்கு இந்த வித்தை பலிக்காது. ஒவ்வொரு ஃபைலும் தனக்குன்னு ஒரு அட்டவணை வெச்சிருக்கும், முதல் துண்டு மட்டும்தான் ஓடும். அதுக்கு லாஸ்லெஸ்கட் மாதிரி இலவச மென்பொருள்ல மெர்ஜ் பண்ணுங்க. கோப்ரோ ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை: 010034-க்கு அடுத்த துண்டு 010035 இல்லை, 020034. பெயர் வரிசையில அடுக்கினா வர்ணத்துக்கு நடுவுல தில்லானா வந்துடும்!

அடுத்தது சாம்பிள் ரேட். டிவிடி வீடியோவுக்கு 48,000 ஹெர்ட்ஸ்தான் கணக்கு. சிடி பாட்டெல்லாம் 44,100. மென்பொருள் இதைச் சரியா மாத்தாம, 44,100-ஐ 48,000-னு நினைச்சு ஓட்டினா சத்தம் வேகமாகி, ஸ்ருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறிடும். பாடகி குரல் திடீர்னு சின்னப்பொண்ணு குரலா கேட்டா சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விஎல்சி-யில கோடெக் இன்ஃபர்மேஷன் பாருங்க, நம்பர் அங்கேயே இருக்கும்.

போன்ல எடுத்தவங்களுக்கு இன்னொரு தலைவலி. வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி போன் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ராத்திரி மேடைன்னா கேட்கவே வேணாம். அதனால 'டப்' எதுவும் இல்லாமலே சத்தம் மெல்ல மெல்ல விலகும். ஹேண்ட்பிரேக்ல 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' தேர்ந்தெடுத்து ஒருமுறை மாத்திட்டு, அப்புறம் டிவிடிஸ்டைலர்ல போடுங்க. ஆடியோவுக்கு ஏசி3 போதும். சுருக்காத பிசிஎம் வெச்சா, 4.7 ஜிபி டிஸ்க்ல படத்துக்கான இடத்தை அது தின்னுடும்.

டிஸ்க்குள்ள மறுபடி ஒவ்வொரு ஜிபி அளவுல விஓபி துண்டுகள் இருக்கிறதைப் பார்த்து ஷாக் ஆகாதீங்க. டிவிடியோட அமைப்பே அப்படித்தான். பிளேயர் அதைத் தொடர்ச்சியாவே படிக்கும்.

முதல் காப்பியை அழிச்சு எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்ல, குறைஞ்ச வேகத்துல எழுதுங்க. பாட்டி வீட்டு பிளேயர்லயே போட்டு, நேரா கடைசிப் பத்து நிமிஷத்துக்குப் போங்க. தில்லானாவுல கால் தட்டுறதும் தாளச் சத்தமும் ஒண்ணா விழுதான்னு பாருங்க. விழுந்துச்சுன்னா பாட்டியைக் கூப்பிடலாம்.