சின்ன ஃபைல்தான்... பிரித்தால் ஹார்ட் டிஸ்க்கே நிரம்பிடும்! 'ஜிப் பாம்' என்றால் என்ன? கார்கோ மென்பொருளில் சிக்கியது எப்படி?

ஒரு சின்ன ஃபைல். அதை டவுன்லோடு செய்த கம்ப்யூட்டர், வழக்கம்போல தானே பிரிக்கத் தொடங்குகிறது. பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்து வந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டிஸ்க் ஃபுல், மெஷின் ஸ்தம்பித்து நிற்கிறது. ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியுடன் வரும் 'கார்கோ' என்ற மென்பொருளில் இப்படி ஒரு தாக்குதலுக்கு இடம் இருந்ததை, 2022 செப்டம்பர் 14-ம் தேதி ரஸ்ட் குழுவே அறிவித்தது. கண்டுபிடித்துச் சொன்னவர் ஜேஃப்ராக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர். சிவிஇ-2022-36114 என்பது இந்த ஓட்டையின் பதிவு எண்.

இது அப்போதே அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் 'டிஓஎஸ்' அட்டாக், அதாவது சேவையை முடக்கும் தாக்குதல், எவ்வளவு எளிமையாக நடக்கலாம் என்று புரிந்துகொள்ள நல்ல உதாரணம் இது.

கார்கோ என்ன வேலை செய்கிறது?

இன்றைக்கு ஒரு ஆப் உருவாக்குகிறவர்கள் எல்லா கோடையும் தாங்களே எழுதுவதில்லை. தேதி கணக்கிட, படத்தைச் சுருக்க, இன்டர்நெட்டில் பேச என்று ஒவ்வொன்றுக்கும் யாரோ எழுதி இலவசமாகப் போட்டுவைத்த கோடு இருக்கிறது. அதை எடுத்து வந்து கொடுப்பதுதான் பேக்கேஜ் மேனேஜர். பைதானுக்கு பிப், ஜாவாஸ்கிரிப்டுக்கு என்பிஎம், ரூபிக்கு ரூபிஜெம்ஸ், ரஸ்டுக்கு கார்கோ.

மளிகைக் கடையில் லிஸ்ட் கொடுப்பது மாதிரிதான். ஒரே வித்தியாசம், இங்கே நீங்கள் கேட்ட பொருளுக்குத் தேவையான பொருளும், அதற்குத் தேவையான இன்னொரு பொருளும் சேர்ந்தே வந்து இறங்கும். லிஸ்டில் எழுதியது ஐந்து என்றால் வந்து சேர்வது ஐம்பதாக இருக்கலாம். அதில் பெரும்பாலானவற்றின் பெயரைக்கூட டெவலப்பர் பார்த்திருக்க மாட்டார்.

ரஸ்டில் ஒரு பேக்கேஜுக்குப் பெயர் 'க்ரேட்', அதாவது சரக்குப் பெட்டி. பெட்டிக்குள் எல்லா ஃபைல்களும் ஜிப் மாதிரி அமுக்கி வைக்கப்பட்டிருக்கும். கார்கோ அதை டவுன்லோடு செய்து, தானே பிரித்து அடுக்கிவிடும். பிரிக்கலாமா என்று கேட்காது. கேட்டால் ஒருவரும் வேலை பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

சரி, இதுல என்ன பிரச்னை?

ஃபைலை எப்படி அமுக்குகிறார்கள் என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். நோட்டு முழுக்க 'ஸ்ரீராமஜெயம்' என்று ஒரு லட்சம் முறை எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோட்டை அப்படியே அனுப்புவதற்குப் பதில், ஒரு துண்டுச் சீட்டில் 'ஸ்ரீராமஜெயம், லட்சம் தடவை' என்று எழுதி அனுப்பினால் போதும். வாங்கியவர் அதைப் பார்த்துத் திரும்ப எழுதிக்கொள்வார். திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்கமாகக் குறிப்பதுதான் கம்ப்ரஷன்.

இப்போது ஒரு விஷமக்காரர் அதே சீட்டில் லட்சத்தை அழித்துவிட்டு 'கோடி தடவை' என்று எழுதுகிறார். சீட்டின் அளவு மாறவில்லை. எழுத உட்கார்ந்தவரின் நோட்டு தீர்ந்துபோகும், கையும் ஓய்ந்துபோகும். இதுதான் ஜிப் பாம்.

இந்த வகையில் பிரபலமானது '42.ஜிப்' என்ற ஃபைல். அளவு வெறும் 42 கேபி. ஜிப்புக்குள் ஜிப், அதற்குள் இன்னொரு ஜிப் என்று அடுக்கடுக்காகச் செய்திருப்பார்கள். கடைசி அடுக்கு வரை பிரித்தால் 4.5 பெட்டாபைட், அதாவது சுமார் 45 லட்சம் ஜிபி.

கார்கோ ஒரு அடுக்கை மட்டுமே பிரிக்கும் என்பதால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் க்ரேட்களை அமுக்கப் பயன்படும் முறையில் ஒரு அடுக்கிலேயே அதிகபட்சம் சுமார் 1,000 மடங்கு வரை சுருக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 எம்பி பெட்டி, பிரித்தால் 10 ஜிபி. 100 எம்பி என்றால் 100 ஜிபி. பழைய கார்கோவில் 'இதுக்கு மேல போதும், நிறுத்து' என்று சொல்லும் ஒரு வரம்பு இல்லை. மொத்த ஓட்டையும் அவ்வளவுதான்.

டிஓஎஸ் என்றதும் ஒரு வெப்சைட்டுக்கு லட்சக்கணக்கான போலி ரிக்வெஸ்ட் அனுப்பி முடக்குவதுதான் நினைவுக்கு வரும். கடை வாசலில் ஆயிரம் பேரைக் கூட்டி வழியை மறிப்பது அந்த வகை. ஒரே ஒரு ஆள் உள்ளே வந்து, நடக்க இடமில்லாதபடி சரக்கை இறக்கிவிட்டுப் போவது இந்த வகை. இரண்டிலும் வியாபாரம் நின்றுவிடும். பின்னதற்குக் கூட்டம் தேவையில்லை.

டிஸ்க் நிரம்பினால் அழித்துவிட்டால் போச்சு, இதற்குப் போய் இவ்வளவு பில்டப்பா?

சொந்த லேப்டாப் என்றால் சரி, அழித்துவிட்டுப் போகலாம். ஆனால் நிறுவனங்களில் பல டீம்களின் கோடை ஒரே பில்ட் சர்வர்தான் ஆப்-ஆக மாற்றித் தருகிறது. அதன் டிஸ்க் நிரம்பினால் மற்ற டீம்களின் வேலையும் சேர்ந்து நிற்கும். என்ன நடந்தது என்று பதிவு செய்யும் லாக் ஃபைலைக்கூட எழுத இடம் இருக்காது. ஒரு அவசர அப்டேட்டை வெளியிட வேண்டிய நாளில் இது நடந்தால் தெரியும் வலி.

யாருக்குப் பாதிப்பு?

ரஸ்டின் பொதுக் கிடங்கான க்ரேட்ஸ்.ஐஓ-வில் இருந்து மட்டும் எடுப்பவர்களுக்குப் பாதிப்பு இல்லை. இந்த மாதிரி பெட்டிகளை சர்வரிலேயே தடுக்கும் சோதனையை அங்கே பல ஆண்டுகளுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். அங்குள்ள பேக்கேஜ் எதுவும் இந்த ஓட்டையைப் பயன்படுத்தவில்லை என்றும் ரஸ்ட் குழு சொன்னது. சிக்கல், நிறுவனங்கள் தனியாக நடத்தும் கிடங்குகளில் இருந்து எடுப்பவர்களுக்குத்தான். வாசலில் செக்யூரிட்டி இருக்கிறார் என்று வீட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்த கதை இது. செக்யூரிட்டி இல்லாத தெருவுக்குக் குடிபோனவர்கள் மாட்டினார்கள்.

ஓட்டையின் தீவிரத்தை ரஸ்ட் குழு 'குறைவு' என்றே மதிப்பிட்டது. அவர்களின் அறிவிப்பிலேயே ஒரு வெளிப்படையான எச்சரிக்கையும் இருந்தது. ஒரு பேக்கேஜை பில்ட் செய்யும்போது அதற்குள் இருக்கும் கோடு உங்கள் மெஷினில் ஓடலாம். கார்கோவின் வடிவமைப்பே அப்படித்தான். எனவே நம்பகமில்லாத பேக்கேஜை எடுத்தால், டிஸ்க்கை நிரப்புவதைவிட மோசமான வேலைகளையும் அது செய்ய முடியும்.

நியாயமான வாதம்தான். ஆனால் ஒரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோடு ஓடுவது பில்ட் நேரத்தில். பெட்டியைப் பிரிப்பது அதற்கும் முன்னால். சந்தேகப்பட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் பெட்டியைப் பிரித்தவரும் மாட்டிக்கொள்வார். ஜாக்கிரதையாக இருப்பவரையே தாக்கும் ஓட்டையை 'குறைவு' என்று ஓரமாக வைத்துவிட முடியாது.

இதோடு சேர்ந்து இன்னொரு ஓட்டையும், சிவிஇ-2022-36113, வெளியானது. பெட்டியைப் பிரித்து முடித்ததும் அடையாளத்துக்காக ஒரு சின்ன ஃபைலில் 'ஓகே' என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து எழுதுவது கார்கோவின் பழக்கம். அந்த ஃபைலை வேறொரு ஃபைலுக்குக் கைகாட்டும் இணைப்பாக முன்கூட்டியே வைத்துவிட்டால், கார்கோ போய் அந்த வேறு ஃபைலின் முதல் இரண்டு எழுத்தின் மேல் 'ஓகே' எழுதி அதைக் கெடுத்துவிடும். 'ஓகே' என்று எழுதியே ஒரு ஃபைலைக் காலி செய்வது கொஞ்சம் வில்லத்தனமான காமெடிதான்.

எப்படிச் சரிசெய்தார்கள்?

2022 செப்டம்பர் 22-ல் வந்த ரஸ்ட் 1.64 பதிப்பில் வரம்பு வைத்தார்கள். அமுக்கப்பட்ட பெட்டியின் அளவைப் போல 20 மடங்கு, அல்லது 512 எம்பி, இதில் எது பெரிதோ அதுவரைதான் பிரிக்கும். தாண்டினால் எரர் காட்டி நின்றுவிடும். 100 ஜிபி வரை விரியக்கூடிய அந்த 100 எம்பி பெட்டி, இப்போது சுமார் 2 ஜிபியோடு நிறுத்தப்படும்.

பெட்டியை நம்பி ஏமாந்தது கார்கோ மட்டும் இல்லை. 2018-ல் ரூபிஜெம்ஸிலும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன் சிக்கியது. பெட்டிக்குள் உள்ள ஃபைலின் அளவு என்று குறித்திருக்கும் இடத்தில் மைனஸ் எண்ணைப் போட்டால், பிரிக்கும் மென்பொருள் முடிவே இல்லாத சுழற்சியில் மாட்டிக்கொள்ளும். 2.7.6 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள்.

நீங்கள் என்ன செய்யணும்?

மொபைலில் ஆப் பயன்படுத்துகிறவர் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். ரஸ்டில் வேலை பார்ப்பவர் என்றால் உங்கள் கார்கோ 1.64 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் அநேகமாகப் புதிய பதிப்புதான் இருக்கும். 'ஓடிட்டுதானே இருக்கு, எதுக்குத் தொடணும்' என்று பல வருஷமாக அப்டேட் செய்யாமல் விட்டுவைத்த பில்ட் சர்வர் ஆபீஸில் இருந்தால், முதலில் அதைப் பாருங்கள். பில்ட் வேலைக்கு என்று தனி டிஸ்க் இடம் ஒதுக்கி, அதைத் தாண்டாதபடி வரம்பும் வைத்துவிட்டால், இன்னொரு பேக்கேஜ் மேனேஜரில் இதே மாதிரி ஓட்டை வந்தாலும் மற்ற டீம்களின் வேலை நிற்காது.