அரம் தொடாத கார்

1908-ஆம் ஆண்டின் தொடக்கம். லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் மூன்று காடிலாக் கார்களை அக்கக்காகக் கழற்றிப் போட்டார்கள். சோதனையை நடத்தியது ராயல் ஆட்டோமொபைல் கிளப். ஒரு காருக்கு 721 பாகங்கள். மூன்று கார்களின் பாகங்களையும் ஒன்றாகக் கலந்து, அவற்றில் 89-ஐ எடுத்துவிட்டு, விற்பனையாளரின் கிடங்கிலிருந்து புதியவற்றை வைத்தார்கள். மெக்கானிக்குகளின் கையில் ஸ்பேனரும் திருப்புளியும் மட்டுமே இருந்தன. அரத்தைத் தொடக் கூடாது. அந்தக் குவியலிலிருந்து மூன்று கார்களும் மறுபடி உருவாயின. கிளம்பி 500 மைல் ஓடின. அமெரிக்கக் கார் ஒன்றுக்கு முதன்முதலாக அந்தக் கிளப்பின் டியூவர் கோப்பை கிடைத்தது.

இதன் அருமை அன்றைய பட்டறைக்காரர்களுக்குத்தான் முழுதாகப் புரிந்திருக்கும். அக்காலக் காரில் பாகத்தை ராவி ராவித்தான் பொருத்துவார்கள். ஒரே கம்பெனியின் இரண்டு கார்களுக்குள்கூடப் பாகங்களை மாற்றிப் போட முடியாது.

காடிலாக்கை வளர்த்த ஹென்றி லேலண்ட் துப்பாக்கித் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். 1843-இல் பிறந்த அவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் வேலை பார்த்தார். பிறகு அளவுக் கருவிகளுக்குப் பேர்போன பிரௌன் அண்ட் ஷார்ப்பில் சேர்ந்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் அவருக்கு அது கழிவுதான். 1902-இல் ஹென்றி ஃபோர்டு விட்டுச்சென்ற டெட்ராய்ட் கம்பெனியை விற்றுவிட நினைத்த முதலீட்டாளர்கள், இயந்திரங்களுக்கு விலை மதிப்பிட லேலண்டை அழைத்தார்கள். விற்க வேண்டாம், என் எஞ்சினை வைத்துக் கார் செய்யுங்கள் என்றார் அவர். டெட்ராய்ட்டை நிறுவிய பிரெஞ்சுக்காரரான காடிலாக்கின் பெயரை நிறுவனத்துக்குச் சூட்டினார்கள்.

1909-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை வாங்கியது. அதன் பிறகு வந்ததைத்தான் காடிலாக்கின் மிகப் பெரிய கொடை என்பேன். அன்று காரைக் கிளப்ப ஹேண்டில் போட்டுச் சுழற்றும்போது எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும், உயிர்கூடப் போனதுண்டு. இதற்குத் தீர்வு கண்டவர் டேட்டன் நகரின் சார்லஸ் கெட்டரிங்; பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்திய அனுபவசாலி. ஸ்டார்ட் ஆகும் சில நொடிகளுக்கு மட்டும் சிறிய மோட்டார் பெரிய சுமையைத் தாங்கினால் போதும் என்று கண்டுகொண்டார். 1912 மாடல் காடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்தது. கைவலிமை இல்லாதவர்களும் துணைக்கு ஆள் தேடாமல் காரைக் கிளப்பினார்கள்.

லேலண்ட் 1917-இல் வெளியேறி, விமான எஞ்சின் செய்ய லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். முதல் உலகப் போர் முடிந்து காருக்கு மாறியபோது கடன் நெரித்தது. 1922-இல் அதை 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் ஹென்றி ஃபோர்டு. சில மாதங்களிலேயே லேலண்டும் மகனும் அங்கிருந்து வெளியேற வேண்டியதாயிற்று.