வாடிய அவகாடோவை வாழ வைப்போம்

கண்டியிலும் அதைச் சூழவுள்ள அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிகளிலும் வளவு சிறுத்த வீடுகள் அதிகம். ஆகவே பலர் அவகாடோ ஒட்டுக்கன்றைப் பெரிய சாடியில் வளர்க்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியின் காலநிலை இம்மரத்துக்கு உகந்தது. ஆனால் ஒக்டோபர், நவம்பர் அடைமழையில் சாடியில் நீர் தேங்கினால் அதன் வேர் தாங்காது.

அவகாடோவின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுபவை. அவற்றுக்குக் காற்று அவசியம். நீர் தேங்கிய மண்ணில் 'பைட்டொப்தோரா' என்னும் நுண்ணுயிரி பெருகி, மெல்லிய வேர்களை அழுகச் செய்கிறது. மண் ஈரமாக இருந்தும் இலைகள் தொங்குகின்றனவா? அது தாகமல்ல, நீரை உறிஞ்ச வேர் இல்லாத நிலை. வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றினால் மரம் விரைவில் மடியும்.

முதலில் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் நம்பிக்கை உண்டு. பிஸ்மில்லாஹ் சொல்லி வேலையைத் தொடங்குங்கள்.

மாலை வேளையில், வேர் உடையாதபடி கன்றை மெதுவாக வெளியே எடுங்கள். வெளிர் நிறத்தில் உறுதியாக உள்ள வேர்கள் உயிருள்ளவை. கறுத்து, தொட்டால் நொறுங்குபவற்றை ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டிவிடுங்கள். பழைய மண்ணை மற்ற மரங்களின் அடியில் கொட்டாதீர்கள், நோய் பரவும்.

எஞ்சிய வேருக்கு அளவான சாடி போதும். பெரிய சாடியில் ஈரம் தங்கிவிடும். அடியில் துளைகள் இருக்கட்டும்; சாடியைச் செங்கல் மேல் வையுங்கள். மேல்மண், ஆற்று மணல், நன்கு மக்கிய கூட்டெரு மூன்றையும் கலந்து நடுங்கள். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

வேர் குறைந்த அளவுக்குக் கிளைகளையும் குறையுங்கள். பூ, பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். காலை வெயில் மட்டும் படும் நிழலில் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுங்கள். உப்புக் கலந்த சமையல் நீர் வேண்டாம். அவகாடோவுக்கு உப்பு ஆகாது. புதுத் தளிர் வந்து முதிரும்வரை உரமும் வேண்டாம். புண்பட்ட வேரை உரம் கருக்கிவிடும்.

இதற்குச் சில வாரங்கள், சில வேளை மாதங்களும் ஆகலாம். பொறுமை தேவை. வாட்டம் தொடர்ந்தால் அருகிலுள்ள கமநல சேவை நிலையத்தில் ஆலோசனை கேளுங்கள்; தாமாக மருந்து தெளிக்க வேண்டாம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாகும் என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் நபிமொழி பதிவாகியுள்ளது. நட்டதோடு கடமை முடியவில்லை; நட்டதைப் பேணுவதும் அந்த நன்மைக்கான வழியே. இலை உதிர்ந்ததற்காகக் கன்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். முயற்சி நம்முடையது; தளிர்க்கச் செய்பவன் அல்லாஹ்.