நகராத படமா, நெஞ்சை நகர்த்தும் படமா?

புழுதி பறக்கும் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ போகிறது. உள்ளே ஒரு குடும்பம் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒரு இளம்பெண். அவள் வாய் திறப்பதில்லை. முன்னும் பின்னும் மோட்டார் சைக்கிள்களில் உறவுக்கார ஆண்கள். கூடவே, பலி கொடுப்பதற்காக எடுத்துச் செல்லப்படும் ஒரு சேவல்.

2024 ஆகஸ்ட் 23-ம் தேதி வெளியான ‘கொட்டுக்காளி’ படம் பெரும்பாலும் இந்தப் பயணம்தான். பாட்டு இல்லை. சண்டை இல்லை. பின்னணி இசைகூட இல்லை. வண்டிச் சத்தமும் காற்றும் மனிதர்களின் ஏச்சுப் பேச்சும்தான் காதில் விழுகின்றன. பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். படம் நகரவே இல்லை, போய்க்கொண்டே இருக்கிறார்கள், கடைசியில் முடிவும் சொல்லவில்லை என்பது ஒரு கட்சி. நம் ஊர் வீடுகளில் நடப்பதை இவ்வளவு உண்மையாக யாரும் காட்டியதில்லை என்பது எதிர்க்கட்சி.

இந்த வாதம் மதுரையோடும் சென்னையோடும் முடிந்துவிடவில்லை. திருவனந்தபுரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

கடத்தல்காரன் இல்லாத கடத்தல்

கதை இதுதான். மீனா வேறு சாதிப் பையனை விரும்புகிறாள். வீட்டிலோ அவளை முறைமாப்பிள்ளை பாண்டிக்கு என்று ஏற்கனவே பேசி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் மனம் மாறியதற்குக் காரணம் செய்வினைதான் என்று முடிவு கட்டி, பேய் ஓட்டும் சாமியாரிடம் அழைத்துப் போகிறார்கள். பாண்டியாக சூரி. மீனாவாக, ‘கும்பளங்கி நைட்ஸ்’, ‘ஹெலன்’ படங்களால் கேரள ரசிகர்களுக்கு நன்கு அறிமுகமான அன்னா பென்.

சினிமாவில் பெண்ணைக் கடத்துவது என்றால் எப்படி இருக்கும் என்று நம் ரசிகர்களுக்கு மனப்பாடம். கறுப்பு வேன், முகமூடி, துரத்தல், கடைசி ரீலில் கதாநாயகன். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. கூட வருபவர் அப்பா. பக்கத்தில் இருப்பது சொந்தக்காரப் பெண்கள். எல்லோரும் அவள் நன்மைக்காகத்தான் போவதாகச் சொல்கிறார்கள். ஆனால் அவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. இறங்கிப் போக அவளுக்கு வழியும் இல்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நடக்க வேண்டியது முதல் காட்சிக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. வேகமாக ஓட்டிக் காட்டியிருந்தால், உறவினர்கள் கோயிலுக்குப் போகும் பயணம் போலத்தான் தெரிந்திருக்கும். மெதுவாகக் காட்டும்போதுதான் வண்டிக்குள் இருப்பவள் கைதி என்பது மெல்ல மெல்லப் புரிகிறது.

வழியில் ஒரு மாடு குறுக்கே நின்றுகொள்கிறது. மீசை முறுக்கிய ஆண்கள் அத்தனை பேரும் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதை ஓட்டிக்கொண்டு போகிறாள். வசனம் எதுவும் தேவைப்படாத காட்சி. இன்னோரிடத்தில், காதில் விழுந்த பாட்டை மீனா முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான், பாண்டி வெறி பிடித்தவன் போல அவளையும் தடுக்க வந்தவர்களையும் அடிக்கிறான். அதுவரை நல்ல மனிதன் போலத் தெரிந்தவன் யார் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

தலைநகரம் போட்ட ஓட்டு

இதே டைரக்டர் பி.எஸ். வினோத்ராஜின் முதல் படம் ‘கூழாங்கல்’. குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்து, மகனை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போகிறான். கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை இழுத்து வருவதற்காக. பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைச் சிறுவன் கிழித்துப் போட, கொளுத்தும் வெயிலில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படத்தில் பெரும்பகுதி நடை. டைரக்டரின் சகோதரி, கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்து வந்த சம்பவமே இந்தக் கதைக்கு வித்து.

2021-ல் ஹாலந்து நாட்டு ராட்டர்டாம் திரைப்பட விழாவில் இந்தப் படம் புலி விருது பெற்றது. ஆஸ்கார் போட்டிக்கும் இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. இவை நிபுணர்கள் தந்த கவுரவம். 2022 மார்ச்சில் திருவனந்தபுரத்தில் நடந்த 26-வது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் கிடைத்ததோ வேறு வகை. அங்கே பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பரிசு ‘கூழாங்கல்’லுக்குப் போனது.

அதே ஆண்டு டிசம்பரில் 27-வது விழா. லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ பார்வையாளர் பரிசை வாங்கியது. வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிகளின் பஸ், மதிய நேரத்தில் ஒரு தமிழ்க் கிராமத்தருகே நிற்கிறது. மம்மூட்டி இறங்கி நடந்து, காணாமல் போன ஒரு தமிழனாகவே மாறி அந்த வீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். அதுவும் நிதானமான படம்தான். ஒரே ஆண்டில் நடந்த இரண்டு விழாக்களிலும் திருவனந்தபுரத்து ரசிகர்கள் ஓட்டுப் போட்டது, தமிழ் மண்ணில் நடக்கும் மெதுவான கதைகளுக்கு. பொறுமையாகப் பார்க்க ஆளில்லை என்ற பேச்சுக்கு இது ஒரு பதில்.

காசு கொடுத்தவர் கேள்வி

ஆனாலும் மறுகட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விழாவுக்குப் பாஸ் வாங்கி, தம்பானூர் கைரளி தியேட்டரில் வரிசையில் நிற்பவர், என்ன மாதிரிப் படம் என்று தெரிந்தே வருகிறார். வாரத்துக்கு ஒரு நாள் லீவு கிடைக்கும் தொழிலாளி அப்படி அல்ல. அவருக்கு அந்த டிக்கெட் காசு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ‘விடுதலை’, ‘கருடன்’ படங்களில் சூரியைப் பார்த்தவர், அதே சூரியை எதிர்பார்த்துத்தான் வருவார். ஏமாந்து எழுந்து போனால் அவரை ரசனை இல்லாதவர் என்று ஏசுவது முறையாகாது.

‘கூழாங்கல்’ 2023 அக்டோபரில் நேராக இணையத்தில் வெளியாகிவிட்டதால் இந்தச் சிக்கல் வரவில்லை. ‘கொட்டுக்காளி’யைத் தயாரித்த சிவகார்த்திகேயன் தியேட்டருக்கே கொண்டு வந்தார். அதே நாளில் மாரி செல்வராஜின் ‘வாழை’யும் வந்தது. விழாவுக்கான படத்தைத் தியேட்டரில் போட்டிக்கு விடலாமா என்று திரைத்துறையினரே விவாதித்தார்கள்.

விடலாம் என்பதற்கு வினோத்ராஜின் வாழ்க்கையே ஒரு சாட்சி. மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த அவர், சிறு வயதிலேயே படிப்பை விட்டுப் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனி. சென்னையில் டிவிடி கடையில் வேலைக்கு இருந்தபோதுதான் உலகப் படங்களைப் பார்த்துத் தொழில் கற்றார். கூலி வேலை பார்த்தவருக்கு இப்படிப் படம் எடுக்கத் தெரியுமென்றால், கூலி வேலை பார்ப்பவருக்குப் பார்க்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? என்ன வகைப் படம் என்பதை முன்கூட்டியே உள்ளபடி சொல்லிவிட்டால் போதும்.

முடிவு யார் கையில்?

அதிகம் பேர் குறைப்பட்டுக்கொண்டது கடைசிக் காட்சியைப் பற்றித்தான். சாமியார் இருக்கும் இடத்தில் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. மீனாவை அங்கே உட்கார வைத்தானா, திருப்பி அழைத்துப் போனானா என்பதைப் படம் சொல்லவில்லை.

சட்டம் தன் முடிவைச் சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் மனமொத்துத் திருமணம் செய்ய, குடும்பமோ சாதியோ ஊரோ சம்மதம் தர வேண்டியதில்லை என்று 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பாக்கி இருப்பது வீடுகள் சொல்ல வேண்டிய முடிவு.

வெளிமாநிலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வி தூரத்து விஷயம் அல்ல. ஊரில் தங்கைக்கோ அண்ணன் மகளுக்கோ இப்படி ஒரு பிரச்னை வந்தால், ராத்திரி போன் வருவது சம்பாதித்து அனுப்புகிறவருக்குத்தான். ‘நீ என்னப்பா சொல்றே?’ என்று பெரியவர்கள் கேட்பார்கள். அவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு வீட்டில் மதிப்பு உண்டு. வண்டியைக் கிளப்பவும் அது போதும், நிறுத்தவும் அது போதும். அந்த வார்த்தையைச் சொல்லுமுன் ஒருவர் அந்தப் பெண்ணிடம் போனைக் கொடுக்கச் சொல்வாரானால், ‘கொட்டுக்காளி’ சொல்லாமல் விட்ட முடிவு அதுவாக இருக்கட்டும்.